நிறுத்தி வைத்த பட்டியல்

கணினிப் பிரிவின் தலைவரை அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘ரெண்டு நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். யார் எதைக் கேட்டு வந்தாலும் இரண்டு விரலை நீட்டி அதைத்தான் சொல்வார். கேட்டவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்த இரண்டு நிமிடம் முடிந்திருக்காது. அவர் ஒரு திங்கட்கிழமை காலை, யாரும் கேட்காமலே, தானாக எழுந்து சின்னவளின் மேஜைக்கு வந்து நின்றபோதே ஏதோ பெரிய வேலை வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சின்னவள் என்பது வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். அண்ணன் தம்பி இருவர் உள்ள வீடு. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். நாற்பத்தொரு வயதாகி, மூக்குக் கண்ணாடியும் போட்டாயிற்று, இன்னும் சின்னவள்தான். ஆஸ்பத்திரியில் அவள் வேலை சேமிப்பைப் பார்த்துக்கொள்வது. ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், டாக்டர்கள் சொல்லிப் பதிந்த குரல்கள் எல்லாம் கடைசியில் அவள் பொறுப்பில் உள்ள இடத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே அலமாரியும் கிடையாது, அடுக்கும் கிடையாது. பக்கெட் என்று பெயர் வைத்த பெரிய பெரிய கொள்கலன்கள். போட்டதைப் போட்டபடி வைத்துக்கொள்ளும். முப்பது கோடிப் பொருள்களுக்கு மேல் உள்ளே கிடந்தன. எட்டிப் பார்த்து எண்ணுகிற விஷயம் இல்லை.

அதற்காகத்தான் இருப்புப் பட்டியல். குறித்த நேரத்தில் ஒரு வேலை தானாகக் கிளம்பி, பக்கெட்டுக்குள் இருக்கிற ஒவ்வொன்றின் பெயர், அளவு, வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதி ஒரு கோப்பாகக் கொண்டுவந்து வைக்கும். இப்படிப் பதினோரு பட்டியல்கள் தினமும் வந்துகொண்டிருந்தன. பத்து வருடத்தில் யார் யாரோ கேட்டு, யார் யாரோ போட்டுக்கொடுத்தவை. கேட்டவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றாயிற்று. போட்டவர்களில் சின்னவளைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. அடுத்த மாதம் புதிய சேமிப்புக்கு மாற வேண்டும். பதினொன்றையும் திரும்ப எழுத வேண்டும். யாருக்கும் வேண்டாத பட்டியலை எதற்குத் திரும்ப எழுதுவது?

“எல்லாத்தையும் நிறுத்தி வைங்கம்மா,” என்றார் ரெண்டு நிமிஷம். “நிறுத்திடாதீங்க. நிறுத்தி வைங்க. ரெண்டு வாரம் பார்ப்போம். யாருக்கு வேணுமோ அவங்க கத்துவாங்க. கத்தாததை அழிச்சிடலாம்.”

இது அந்தத் தொழிலில் பழைய முறைதான். யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடித் திரிவதை விட, பிடுங்கிவிட்டுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது சுலபம். அதற்கும் ஒழுங்கு வேண்டுமே என்று அவர் ஒரு படிவம் தயாரித்திருந்தார். கேட்பவர் யார், எந்தப் பட்டியல், எதற்கு என்று மூன்று கட்டம். எழுதிக் கேட்டால்தான் கணக்கு. தாழ்வாரத்தில் மறித்துப் புலம்பினால் செல்லாது.

சின்னவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். அவளுக்குச் சுட்டியால் தட்டுகிற ஜன்னல்கள் பிடிக்காது. கட்டளையைத் தட்டித்தான் வேலை செய்வாள். பட்டியலை நிறுத்தி வைப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ‘நில்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதாது. அந்த வேலையின் முழு விவரத்தையும், அதாவது எந்தப் பக்கெட், எத்தனை மணிக்கு, என்னென்ன எழுத வேண்டும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் வாங்கி, அதில் ‘ஆம்’ என்று இருக்கிற ஒரே ஒரு இடத்தை ‘இல்லை’ என்று மாற்றி, முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டும். மாற்றியதை மட்டும் அனுப்பினால் மற்றதெல்லாம் துடைத்துப் போய்விடும். புதிதாக வந்த ஒருவர் அப்படி ஒரு தடவை துடைத்துவிட்டு மூன்று நாள் யார் முகத்திலும் முழிக்காமல் இருந்தார். அதனால் சின்னவள் பதினொன்றையும் ஒவ்வொன்றாக, வாங்கி, மாற்றி, படித்துப் பார்த்து, அனுப்பினாள்.

ஒவ்வொரு முறையும் திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்காக ஒரு சின்னக் கோடு மினுக்கியது, அவ்வளவுதான். அந்தத் திரையின் குணம் அது. சொன்னதைச் செய்துவிட்டால் வாய் திறக்காது. தப்பு நடந்தால் மட்டும் பக்கம் பக்கமாகப் பேசும். பதினாறு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதில், சத்தம் இல்லை என்றால் எல்லாம் சரி என்று அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அறிவிப்பு எல்லாப் பிரிவுக்கும் போயிற்று. அதைத் தமிழில் எழுதிக்கொடுத்த அலுவலகக்காரர் பக்கெட்டை வாளி என்று மொழிபெயர்த்துவிட்டார். ‘வாளிகளின் இருப்புப் பட்டியல் இன்று முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று படித்த துப்புரவு மேற்பார்வையாளர் அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். எண்ணிக்கை இருக்கும்போதே மாதம் நாலு வாளி காணாமல் போகிறது, அதையும் நிறுத்தினால் துடைக்கத் துணி மட்டும்தான் மிஞ்சும் என்று அவர் முறையிட்டார். அவரிடம் இது வேறு வாளி என்று புரியவைப்பதற்குள் சின்னவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் பாதி நம்பி, பாதி நம்பாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உண்மையான பட்டியலுக்காக முதலில் கத்தியது பிணவறை. அங்கிருந்து சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை மதியமே படிவம் வந்துவிட்டது, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு. செவ்வாய்க்கிழமை ஆய்வகமும் மருந்தகமும் எழுதின. புதன்கிழமை காலை மகப்பேறுப் பிரிவு. நான்கு பட்டியல்களையும் சின்னவள் மறுபடி ஓடவிட்டாள். மிச்சம் ஏழு.

அந்த ஏழையும் முன்பு யார் திறந்து படித்தார்கள் என்று புதன்கிழமை மத்தியானம் ஒரு சும்மா நேரத்தில் அவள் பழைய பதிவுகளைப் புரட்டினாள். தலைவர் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆறு பட்டியல்களை ஒரு வருடமாக ஈ காக்கை தொடவில்லை. ஏழாவது, ஸ்கேன் படங்களின் பட்டியல், தவறாமல் தினமும் எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது படப்பிரிவின் சரிபார்ப்பு மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது பெரியவள்.

இந்த இடத்தில் அவர்கள் இருவரும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெரியவள் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, பதினைந்து வருடம் கழித்து வேலைக்கு வந்தவள். படப்பிரிவில் இடம் காலி என்று சொன்னது சின்னவள்தான். விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். பரீட்சை எழுதித் தேறியது பெரியவள். ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்து மூன்றாம் மாதம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ பெரியவளைப் பாராட்டிப் பேச, சின்னவள் வாய் சும்மா இருக்காமல், “நான் வாங்கிக் குடுத்த வேலைதானே,” என்று சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பின்னால் தட்டோடு நின்றிருந்த பெரியவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது காரில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.” அதோடு சரி. சண்டை கிடையாது, வசவு கிடையாது. ஒரே கட்டடத்தில் கீழே இவள், மேலே அவள். ஒரே வாசல், ஒரே மாடிப்படி. எதிரே வந்தால் இருவருமே சாவியைத் தேடுவார்கள். பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்களா, நிறுத்திவிட்டார்களா என்று இரண்டு புருஷன்மாருக்கும் விளங்கவில்லை. கேட்கிற தைரியமும் அவர்களுக்கு இல்லை.

இப்போது பட்டியல் சின்னவள் கையில். கேட்டால்தான் கிடைக்கும். எழுதித்தான் கேட்க வேண்டும். படிவத்தைச் சேர்க்க வேண்டிய முகவரியில் சின்னவளின் பெயர்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை. கெட்ட சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்தும் இருந்தது. பெரியவளின் குண்டு குண்டுக் கையெழுத்தில் ‘கேட்பவர்’ என்ற கட்டத்தில் பெயர் வந்து விழும், தான் அதை ஒரு மணி நேரம் மேஜையில் வைத்திருந்து, பிறகு பெருந்தன்மையாகப் பட்டியலைத் திறந்துவிடலாம் என்று அவள் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை படிவம் வரவில்லை. வீம்பு, எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதிவுகளைத் திறந்தபோது படப்பிரிவின் பெயரில் புதிதாக ஒன்று தென்பட்டது. காலை ஐந்து ஐம்பதுக்கு ஆரம்பித்து எட்டு மணி தாண்டும் வரைக்கும் வரிசையாக நானூற்றுச் சொச்சம் வரிகள். யாரோ ஸ்கேன் பக்கெட்டை நேரடியாகத் திறந்து, ‘அடுத்த பக்கம்’, ‘அடுத்த பக்கம்’ என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஆயிரம் பெயர். பக்கத்துக்குப் பக்கம் இருபது வினாடி இடைவெளி. எங்கோ நடுவில் ஒரே ஒரு இடத்தில் மூன்று நிமிடம் சும்மா இருந்தது. கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்ளப் போயிருக்கலாம்.

என்ன நடக்கிறது என்று சின்னவளுக்கு உடனே புரிந்தது. பெரியவளின் வேலை இதுதான்: நேற்று ஸ்கேன் எந்திரங்கள் எடுத்த படங்களின் எண்ணெல்லாம் ஒரு தாளில் இருக்கும். அவை அத்தனையும் சேமிப்புக்கு வந்து சேர்ந்தனவா என்று பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வராமல் போனதை எந்திரத்திலிருந்து மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். எந்திரம் தன்னிடம் ஏழு நாள்தான் படத்தை வைத்திருக்கும். எட்டாம் நாள் அழித்துவிடும். பட்டியல் இருந்தால் இருபது நிமிட வேலை. பட்டியல் இல்லையென்றால் பக்கெட்டில் தேதி வரிசை கிடையாது, பெயர் வரிசைதான்; பெயரின் முன்னால் மாதம் மட்டும் இருக்கும். நேற்று வந்ததைக் கண்டுபிடிக்க மாதம் பூராவும் வந்ததைப் புரட்ட வேண்டும். நாலு லட்சம் எண்களைக் கண்ணால். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வாசல் கதவு கொஞ்ச நாளாக ஐந்து மணிக்கே திறக்கிற சத்தம் கேட்டது ஏன் என்றும் இப்போது தெரிந்தது.

அன்றைக்கே அவள் பட்டியலைத் திறந்துவிட்டிருக்கலாம். கை கீபோர்டு வரைக்கும் போயிற்று. படிவம் இல்லாமல் திறந்தால் தலைவர் கேட்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. தலைவரிடம் போய் ‘படப்பிரிவுக்கு வேண்டும் போலிருக்கிறது’ என்று ஒரு வரி சொன்னால் முடிகிற காரியம்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் பேச்சோடு பேச்சாக, அண்ணி இந்த வாரம் ஆளே பாதியாகிவிட்டார்கள், அண்ணன் கேட்டால் ஆபீஸில் வேலை அதிகம் என்கிறார்களாம் என்றான். சின்னவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன், கேட்கட்டுமே என்றாள்.

“அவங்க கேக்க மாட்டாங்க. உனக்கே தெரியும்,” என்றான் அவன்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆஸ்பத்திரியில் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் அதற்கு மேல் வாயைக் கொடுக்கவில்லை. பதினான்கு வருடத்தில் அந்த அளவு பாடம் படித்திருந்தான்.

இரண்டாவது வாரமும் அப்படியே போயிற்று. தினமும் காலையில் வந்ததும் சின்னவள் முதலில் பதிவுகளைத்தான் பார்த்தாள். திங்கள் நானூற்று முப்பது பக்கம். செவ்வாய் நானூற்று நாற்பத்தொன்று. மாதம் ஏற ஏறப் பக்கமும் ஏறிக்கொண்டே போனது. இடைவெளி இருபது வினாடியிலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. வேகம் பழகிவிட்டது அல்லது நேரம் போதவில்லை. புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் நூறு பக்கம் ஓடியிருந்தது.

வியாழக்கிழமை இரண்டு விஷயங்கள் ஒரு மணி நேர இடைவெளியில் வந்தன.

முதலில் வந்தது படப்பிரிவு மேலாளரின் கடிதம். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போன வாரம் வியாழக்கிழமை கழுத்தில் இரண்டு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் இப்போது கேட்டால் ஒன்றுதான் கிடைக்கிறது. இரண்டாவது படம் எப்போதாவது சேமிப்புக்கு வந்ததா என்று கணினிப் பிரிவு பார்த்துச் சொல்ல வேண்டும். சின்னவள் தேடினாள். வரவே இல்லை. எந்திரத்தில் கேட்டால் ஏழு நாள் முடிந்து அன்று காலைதான் அழிந்திருந்தது. அந்த மனிதர் மறுபடி வந்து, நாற்பது நிமிடம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கடிதத்தின் கீழே மேலாளர் இன்னொரு வரி எழுதியிருந்தார். சரிபார்ப்பு ஊழியர் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அவருடைய தற்காலிகப் பணி இந்த மாதக் கடைசியோடு முடித்துக்கொள்ளப்படுவதாகவும், கோப்பை மூடுவதற்குக் கணினிப் பிரிவின் பதில் மட்டும் பாக்கி என்றும் இருந்தது. இணைப்பில் பெரியவளின் எழுத்து. குண்டு குண்டாக நான்கு வரி. இரண்டு எண்களும் கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம், ஒன்றைப் பார்த்து இரண்டுக்கும் குறி போட்டுவிட்டேன், தவறு என்னுடையது. பட்டியல் நிறுத்தப்பட்டது பற்றி ஒரு எழுத்து இல்லை. மேலாளருக்கு அப்படி ஒரு பட்டியல் இருந்ததே தெரியாது; ஒத்துப் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர் செய்துகொள்ளும் என்று நினைத்திருந்தவர் அவர்.

சின்னவள் போன வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்து, அந்த எண் இருந்திருக்க வேண்டிய பக்கம் எது என்று கணக்குப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்தொன்பதாவது பக்கம். மற்றப் பக்கங்களுக்கெல்லாம் இருபது வினாடி எடுத்துக்கொண்டவள் அந்தப் பக்கத்தில் நான்கு வினாடிதான் இருந்திருக்கிறாள். காலை ஏழு மணி முப்பத்தேழு நிமிடம். அப்போது சின்னவள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தால் மேஜையருகே ரெண்டு நிமிஷம் நின்றிருந்தார். சேமிப்பின் மேல் காலை நேரத்தில் பாரம் ஏறிக்கொண்டே போகிறது, யாரோ ஸ்கேன் பக்கெட்டைக் கையாலேயே புரட்டுகிறார்கள், புதிய இடத்துக்கு மாறும் நேரத்தில் இது தொந்தரவு என்றார். கையில் வரைபடம் வேறு வைத்திருந்தார். ஒரு கோடு படிப்படியாக மேலே போனது.

“யாருன்னு பார்த்து, அதை நிறுத்திடுங்க,” என்றார். இந்தத் தடவை ‘வைங்க’ இல்லை.

“சார், அது யாருன்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்குள்ள முடிச்சிடுங்க,” என்று அவர் போய்விட்டார்.

கடிதத்துக்கு அவள் ஒரே வரியில் பதில் எழுதியிருக்கலாம். ‘படம் சேமிப்புக்கு வரவில்லை.’ அது உண்மை. யாரும் அவளை ஒரு கேள்வி கேட்க முடியாது. அறிவிப்பு கொடுத்தாயிற்று, படிவம் கொடுத்தாயிற்று, படப்பிரிவு கேட்கவில்லை. எல்லாம் முறைப்படி. திங்கட்கிழமை ஏழு பட்டியல்களையும் அழித்துவிட்டால் சுத்தம். மாதக் கடைசியில் மேல்வீட்டில் ஒருத்தி பகலெல்லாம் வீட்டில் இருப்பாள். சாவியை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். ஏழாவது பட்டியலின் முழு விவரத்தையும் வாங்கினாள். ‘இல்லை’ என்றிருந்ததை ‘ஆம்’ என்று மாற்றினாள். இரண்டு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள். திரை பேசவில்லை. வழக்கமாக அது அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தாள். கட்டளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள்; இது வரவில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தாள். முதலில் எழுதியதில் ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. இரண்டாவதில் ‘தகவல் தொடர்பு இடைவெளி’. இரண்டும் தப்பித்துக்கொள்கிற வார்த்தைகள் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிப்பில் சுகமில்லை. கடைசியில் எழுதியது இது: படம் சேமிப்புக்கு வரவில்லை. சரிபார்ப்பு ஊழியர் தினமும் பயன்படுத்திய பட்டியலை எங்கள் பிரிவு நிறுத்தி வைத்திருந்தது. அது இல்லாமல் அந்த வேலையைப் பிழையின்றிச் செய்ய ஒருவராலும் முடியாது. அவர் எட்டு நாள் கையாலேயே செய்திருக்கிறார், பதிவுகளை இணைத்திருக்கிறேன். அந்தப் பட்டியல் அவருக்குத் தேவை என்பது மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் கடிதம் இன்னும் நன்றாக இருக்கும். எடுக்காமல், படப்பிரிவு மேலாளருக்கும் தன் தலைவருக்கும் சேர்த்து அனுப்பினாள்.

தலைவர் அன்று முதன்முறையாக இரண்டு நிமிடத்துக்குள் வந்தார். மூன்றாம் நாள் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாமேம்மா, பிரிவு நடைமுறை என்று முடித்திருப்பேனே என்று வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கோப்புகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர். ஆனால் எழுதியதை எழுதவில்லை என்று ஆக்க முடியாது. வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. சின்னவளுக்கு மூன்று மாதம் கட்டளைத் திரை கிடையாது. தொலைபேசியில் வருகிற புகார்களைக் குறித்துக்கொள்ளும் மேஜைக்கு மாற்றம். பெரியவளின் பணிமுடிப்பை நிறுத்தி வைத்து, தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருந்தார்கள். படப்பிரிவில் அந்தக் கடிதத்தின் நகலை அவளிடமும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் நடைமுறைதான்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சின்னவள் வாசலில் மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள். மேலே கதவு திறந்து மூடியது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றது. பெரியவள் கையில் சாவி இல்லை, தேடவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முகம் இளைத்து வேறு யாரோ போல இருந்தாள்.

அவள் திட்டுவாள் என்று சின்னவள் வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்து வைத்திருந்தாள். உன்னை யார் கேட்டார்கள் என்பாள். இரண்டாவது தடவையும் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லப் போகிறாயா என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. மன்னிப்பும் இருந்தது, தன் பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருந்தது.

“மூணாம் நாளே தெரியுமா உனக்கு?” என்று கேட்டாள் பெரியவள்.

“தெரியும்க்கா.”

பெரியவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. ஏதோ ஒரு எண்ணைச் சரிபார்க்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

“அப்ப ஏழாம் நாள், எட்டாம் நாள்… நான் காலையில வந்து உக்காந்ததெல்லாம் பார்த்துக்கிட்டா இருந்தே?”

சின்னவள் ஆமென்று தலையசைத்தாள். மிதியடி இன்னும் கையிலேயே இருந்தது.

“நான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டேன்,” என்றாள் பெரியவள். “அது எங்க லிஸ்ட்டுன்னு உனக்குத் தெரியாது போலன்னு நினைச்சேன். தெரிஞ்சிருந்தா நீயே போட்டுக் குடுத்திருப்பேன்னு. நான் எழுதிக் கேட்டா, இதைக்கூடப் பார்க்காம நிறுத்திட்டாளேன்னு உன் பேருக்கு வந்துடுமேன்னுதான் சும்மா இருந்தேன்.”

மேலே அண்ணன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் வந்த வழியே திரும்பிப் படியேறிப் போனாள். சின்னவள் மிதியடியைக் கீழே போட்டாள், அது கோணலாக விழுந்தது, நேராக்கவில்லை.